பொன்வலைச் சிலந்தியைத் தேடிப் போகிறவர்களுக்கு

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதை. கார்த்திகை மாதம், காலை எட்டு மணி இருக்கும். முன்னால் போய்க்கொண்டிருந்த, கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் சட்டென்று குனிந்தார். "தம்பி, குனிஞ்சு வாங்க. மேல பூச்சி வல கட்டியிருக்கு" என்றார். நானும் குனிந்து தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவர் விரலை நீட்டிக் காட்டிய பிறகும் தெரியவில்லை. "இப்படி வந்து பாருங்க" என்று கையைப் பிடித்து இரண்டடி இடப்பக்கம் நகர்த்தினார். சில்வர் ஓக் மரத்துக்கும் எதிரிலிருந்த கம்பத்துக்கும் நடுவே, வெயில் பட்டு மஞ்சளாக மின்னிக்கொண்டு ஒரு வலை முழுசாகத் தெரிந்தது. அதன் நடுவில், என் கையை விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்குக் காலைப் பரப்பிக்கொண்டு, ஒரு சிலந்தி தலைகீழாக இருந்தது.

சிலந்தி பார்ப்பதில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அந்த இரண்டடிதான். சிலந்தியைத் தேடினால் கிடைக்காது, வலையைத் தேட வேண்டும். வலை கண்ணில் படுவதற்கு நாம் நிற்கும் இடமும் வெளிச்சம் விழும் கோணமும் சரியாக அமைய வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு சிலந்தியைப் பற்றியது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பத்து வகைகளை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட, ஒரு வகையை நன்றாகத் தெரிந்துகொள்வதுதான் நல்லது என்பது என் கருத்து. அதற்கு இதைவிட வசதியான சிலந்தி நம் மலைகளில் இல்லை. பெரியது, பகலிலும் வலையிலேயே இருக்கும், இடத்தை அவ்வளவு சீக்கிரம் மாற்றாது.

இதன் அறிவியல் பெயர் நெஃபிலா பைலிப்பெஸ். ஆங்கிலத்தில் ஜயன்ட் வுட் ஸ்பைடர் என்பார்கள். நான் பொன்வலைச் சிலந்தி என்று எழுதுகிறேன். டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் 1793இல் இதை விவரித்துப் பெயரிட்டார். நெஃபிலா என்றால் நூற்பதில் பிரியமுள்ளது, பைலிப்பெஸ் என்றால் மயிர்க்கால். பழைய புத்தகங்களில் நெஃபிலா மாகுலாட்டா என்று இருந்தால் அதுவும் இதுதான், குழம்ப வேண்டாம். இந்தியா, இலங்கை தொடங்கி தென்கிழக்கு ஆசியா, சீனா, ஜப்பானின் தெற்குத் தீவுகள், நியூ கினி, ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை பரவியிருக்கிறது.

எப்போது, எங்கே

மழைதான் இதன் நாட்காட்டி. மழைக்காலத் தொடக்கத்தில் குட்டிச் சிலந்திகளாக இருப்பவை மழை ஓயும் தறுவாயில் பெரிதாகிவிடும். நம் பக்கத்தில் புரட்டாசி தொடங்கி மார்கழி வரை போனால் முழு வளர்ச்சி அடைந்த பெண் சிலந்திகளைப் பார்க்கும் வாய்ப்பு அதிகம். கோடையில் அதே இடத்துக்குப் போய் ஒன்றும் இல்லை என்று திரும்பியவர்கள் பலர்.

இடம் என்று பார்த்தால், ஈரமான மலைக்காடும் அதன் விளிம்பும். மேற்குத் தொடர்ச்சி மலை இதன் நல்ல வாழிடம். இலங்கையில் சிங்கராஜா போன்ற ஈரவலயக் காடுகளிலும் உண்டு. ஆனால் அடர்காட்டின் உள்ளே நுழைந்து தேட வேண்டியதில்லை. பறக்கும் பூச்சி எந்த வழியாகப் போகுமோ அந்த வழியில்தான் இது வலை கட்டும். அதனால் காட்டுக்குள் எங்கெல்லாம் திறப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் பாருங்கள். ஓடைக்கு மேலே இரண்டு கரை மரங்களுக்கு நடுவே, நடைபாதைக்குக் குறுக்கே, காப்பித் தோட்டத்து நிழல் மரங்களுக்கு இடையே, பாலத்துக்குப் பக்கத்தில், மலைச்சாலை ஓரத்து மின்கம்பிகளில் என்று மனிதன் உண்டாக்கிய திறப்புகளையும் இது விடுவதில்லை. உயரம் இடுப்பளவிலிருந்து தலைக்கு மேல் பல அடி வரை இருக்கலாம். புதியவர்கள் எல்லோரும் கண் மட்டத்திலேயே தேடுகிறார்கள், அதனால்தான் தவறவிடுகிறார்கள். கழுத்தை நிமிர்த்தி, வானம் தெரியும் இடைவெளிகளைப் பாருங்கள். வெளிர் வானத்தின் முன்னால் கறுப்பாக ஒரு நட்சத்திர வடிவம் தொங்கினால் அருகில் போங்கள்.

காலை ஏழிலிருந்து ஒன்பது மணி நல்ல நேரம். வெயில் சாய்வாக விழும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நடக்காமல், அது எதிரே ஒரு பக்கமாக இருக்கும்படி நடந்தால் நூல்கள் தாமாகவே மின்னும். பனி இறங்கிய காலை என்றால் இன்னும் எளிது.

வலையை முதலில் படியுங்கள்

வலை கிடைத்துவிட்டது. உடனே சிலந்தியின் மேல் கேமராவைத் திருப்பாதீர்கள். முதல் பத்து நிமிடத்தை வலைக்குக் கொடுங்கள்.

முதலில் நிறம். வெயில் படும் கோணத்தில் நூல் பொன்மஞ்சளாக இருக்கும். இது சாயமோ தூசியோ அல்ல, நூலின் சொந்த நிறம். வெயிலில் இந்த மஞ்சள் பூச்சிகளைக் கவர்கிறது என்றும், நிழலில் இலைகளின் நிறத்தோடு கலந்து வலையை மறைக்கிறது என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதன் உறவுச் சிலந்தி ஒன்று மடகாஸ்கரில் உண்டு. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தச் சிலந்திகளின் நூலை எடுத்து நெய்த துணி 2009இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டது. சாயமே போடாமல் அந்தத் துணி தங்க நிறமாக இருந்தது.

அடுத்து வடிவம். மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள். பெரும்பாலான வட்டவலைகளில் குடம் ஏறக்குறைய நடுவில் இருக்கும். பொன்வலையில் அது மேல் விளிம்பை ஒட்டியே இருக்கும், மேல்பாதி சுருங்கி, கீழ்ப்பாதி மட்டும் அகலமாக விரிந்திருக்கும். குட்டிச் சிலந்தியின் வலை ஓரளவு வட்டமாக இருந்து, வளர வளர இப்படிக் கீழ்நோக்கி இழுபடும். தலைகீழாக இருக்கும் சிலந்தி கீழ்நோக்கி வேகமாக ஓட முடியும், மேலே ஏறுவது அதற்குச் சிரமம். ஓட வசதியான பக்கத்தில் வலையைப் பெரிதாக்கிக்கொள்கிறது. பெரிய பெண்ணின் வலை 1 மீட்டர் அகலத்தையும் தாண்டும். தாங்கி நிற்கும் நூல்களையும் சேர்த்தால் மரத்துக்கு மரம் பல மீட்டர் போகும்.

இனி நெருங்கிப் பாருங்கள், ஒரு முழம் தூரத்தில். ஆரக்கால்களின் மேல் குறுக்காக ஓடும் நூல்கள் சீராக இல்லை என்பது தெரியும். நெருக்கமாகச் சில நூல்கள், பிறகு சற்றே தடித்த ஒன்று, மறுபடி நெருக்கமாகச் சில என்று, நாலு கோடு நோட்டில் கோடு போட்ட மாதிரி இருக்கும். பூச்சிகளைப் பிடிக்கும் நெருக்கமான நூல்களில் பசைத் துளிகள் மணி கோத்தது போல வரிசையாக இருக்கும். இடையில் வரும் தனிக்கோட்டில் பசை இல்லை. வலை கட்டும்போது காலூன்றிக்கொள்ளச் சிலந்தி போடும் சாரம் அது. மற்ற வட்டவலைச் சிலந்திகளில் பெரும்பாலானவை பசை நூலைப் போட்டுக்கொண்டே வரும்போது அந்தச் சாரத்தை அறுத்து எடுத்துவிடும். வீடு கட்டி முடித்ததும் சாரம் பிரிப்பதைப் போல. பொன்வலைச் சிலந்தியோ சாரத்தை அப்படியே விட்டுவிடுகிறது. சிலந்தியே கண்ணில் படாத நாளில்கூட, இந்த நோட்டுக் கோடுகளையும் மஞ்சள் நிறத்தையும் வைத்து இது பொன்வலை என்று சொல்லிவிடலாம். ஆரக்கால்கள் விளிம்பை நோக்கிப் போகப் போக இரண்டாகக் கிளை பிரிவதும் இன்னொரு அடையாளம்.

நூல் தெரியவில்லை என்று சிலர் பவுடர் தூவுவார்கள், தண்ணீர் பீய்ச்சுவார்கள். தயவுசெய்து வேண்டாம். பவுடர் பட்ட பசை நூல் பூச்சிகளைப் பிடிக்காது. ஒரு நாள் இரையை நம் படத்துக்காகப் பறித்ததாகிவிடும். தோட்டத்தில் இரவு வலை கட்டி விடியலில் அதையே தின்றுவிடும் நியோஸ்கோனா போன்ற சிலந்திகளுக்கு வலை ஒரு நாள் கூத்து. பொன்வலை அப்படியில்லை, பழுதுபார்த்துப் பழுதுபார்த்து, பகுதி பகுதியாகப் புதுப்பித்து, நாள்கணக்கில் வைத்திருக்கும் வீடு.

இனி சிலந்தி

பெண்ணின் உடல் மட்டும் 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளம். காலையும் சேர்த்து விரித்தால் 20 சென்டிமீட்டர் வரை போகும். வயிறு உருண்டையாக இருக்காது. சுண்டுவிரலின் முனை போல நீண்ட உருளை வடிவம். கரும்பழுப்பு நிறத்தில் மஞ்சள் கோடுகள் நீளவாக்கில் ஓடும். தலைமார்புப் பகுதி கறுப்பு, அதன்மேல் வெளிறிய மெல்லிய மயிர்ப் படலம் இருப்பதால் வெயிலில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். கால்கள் கறுப்பு, மூட்டுகளில் மஞ்சள். மூன்றாம் ஜோடிக் கால் மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாக இருக்கும், எண்ணிப் பாருங்கள். எல்லாச் சிலந்திக்கும் ஒரே அளவு மஞ்சள் இருக்காது. கோடுகள் மங்கி ஏறக்குறைய முழுக் கறுப்பாக இருப்பவையும் உண்டு. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், வலையையும் சேர்த்தே முடிவுக்கு வாருங்கள்.

இரை விழும் நேரம் பக்கத்தில் இருக்க வாய்த்தால் பொறுமையாக நில்லுங்கள். கண் 8 இருந்தும் இந்தச் சிலந்தி பார்வையை நம்பி வாழ்வதில்லை. ஒரு முறை தட்டான் ஒன்று வலையின் கீழ்ப்பக்கம் மோதி மாட்டிக்கொண்டது. சிலந்தி உடனே ஓடவில்லை. முன்னங்கால்களால் ஆரக்கால் நூல்களை ஒவ்வொன்றாகச் சுண்டியது, வீணைத் தந்தியைச் சுருதி பார்ப்பது போல. எந்த நூலில் கனம் இருக்கிறதென்று தெரிந்ததும் அந்த வழியாக நேராகக் கீழே இறங்கியது. இறங்கியதும் கடித்தது, கடித்தபடியே பிடித்துக்கொண்டது. தட்டானின் சிறகுத் துடிப்பு அடங்கிய பிறகுதான் வலையிலிருந்து பிடுங்கி, நூல் சுற்றி, மேலே குடத்துக்குக் கொண்டுபோய்த் தொங்கவிட்டது. இந்த வரிசையை நினைவில் வையுங்கள். நம் வீட்டு வேலிகளில் இருக்கும் ஆர்ஜியோப்பி வகைச் சிலந்திகள் பெரும்பாலும் முதலில் நூலால் சுற்றிக் கட்டும், பிறகு கடிக்கும். பொன்வலைச் சிலந்தி கடித்த பிறகே கட்டும்.

வலையில் குடியிருக்கும் மற்றவர்கள்

புதியவர்கள் இங்கேதான் அவசரப்பட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பெரிய சிலந்தியைப் பார்த்தாயிற்று, படமும் எடுத்தாயிற்று என்று. கொஞ்சம் இருங்கள். குடத்துக்கு மேலே, பெண்ணின் முதுகுப் பக்கத்தை ஒட்டி, செம்பழுப்பாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். 5, 6 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதுதான் ஆண். ஒரே வலையில் இரண்டு மூன்று ஆண்கள் காத்திருப்பதும் உண்டு. பெண்ணின் நீளத்தில் எட்டில் ஒன்று, பத்தில் ஒன்று. பார்த்தவர்கள் பலர் அதைக் குட்டி என்று நினைத்துவிடுகிறார்கள்.

அவ்வளவு பெரிய துணையிடம் நெருங்குவது ஆணுக்கு ஆபத்து. இரையாகிவிடலாம். அதற்கு அது ஒரு வழி வைத்திருக்கிறது. பெண்ணின் முதுகில் ஏறி, தலைமார்பும் வயிறும் சேரும் இடத்தைச் சுற்றி மிக மெல்லிய நூலைப் படியவைத்துக்கொண்டே நடக்கும். அந்த நூலுக்குப் பெண்ணைக் கட்டிப்போடும் வலிமை கிடையாது. ஆனாலும் அந்தத் தொடுகையிலும் நூலிலும் பெண் சாந்தமாகிவிடுகிறது, ஆண் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று இந்தச் சிலந்தியிடமே செய்த ஆய்வில் கண்டிருக்கிறார்கள். பெண்ணின் முதுகில் வெள்ளையாக மெல்லிய நூல் படிந்திருந்தால் அழுக்கு என்று கடந்துபோகாதீர்கள்.

இன்னொரு குடித்தனமும் உண்டு. வலையின் ஓரங்களில் வெள்ளிப் பொட்டு ஒட்டியது போல மின்னும் மிகச் சிறிய சிலந்திகள், ஆர்ஜிரோடிஸ் என்று பெயர். இவை தமக்கென்று வலை கட்டாமல் பெரிய சிலந்தியின் வலையில் தங்கி, அது கவனிக்காமல் விடும் சின்னப் பூச்சிகளைத் திருடித் தின்னும். இவற்றிலும் சிவப்பு கலந்த வகைகள் இருப்பதால் ஆணோடு குழப்பம் வரும். வயிற்றைப் பாருங்கள், கூம்பு போல மேலே நிமிர்ந்து பளபளத்தால் ஆர்ஜிரோடிஸ். ஒருமுறை ஒரே வலையில் இவற்றை எண்ணத் தொடங்கி ஒன்பதோடு கண் வலித்து நிறுத்தினேன்.

வேறு எதோடு குழம்பலாம்

அதிகம் குழம்புவது ஆர்ஜியோப்பியோடு. அது கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல வைத்திருக்கும். வலையின் நடுவில் வெள்ளையாக, கையெழுத்துப் போட்டது போல வளைந்து வளைந்து தடித்த நூல் தைத்திருக்கும். வலை மஞ்சளாக இருக்காது. முதுகில் முள் முளைத்தது போல, ஓடு மாதிரி கெட்டியான வயிறோடு இருந்தால் அது கேஸ்டராகாந்தா. மரத்தண்டின் மேலேயே ஒட்டினாற்போல் ஏணி வடிவ வலையும், நாணயம் போலத் தட்டையான சிலந்தியும் இருந்தால் ஹெரேனியா, பொன்வலைச் சிலந்திக்கு உறவுக்காரர்.

வலை செங்குத்தாக இல்லாமல், கூடாரத் துணி விரித்தது போலப் படுக்கையாக இருந்தால் அது சிர்ட்டோஃபோரா. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திருவானைக்கா நினைவு வரும். சிவலிங்கத்தின் மேல் சருகு விழாதிருக்க ஒரு சிலந்தி பந்தலாக வலை பின்னியதாகவும், அதுவே மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்ததாகவும் சொல்லும் தலபுராணத்தில், அந்தச் சிலந்தி கட்டியது நிச்சயம் செங்குத்து வலையாக இருக்க முடியாது. சருகைத் தாங்க மேலே விரித்த வலைதான் வேண்டும். கதை சொன்னவர்கள் யாரோ சிலந்தி வலையை நன்றாகப் பார்த்தவர்களாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

கடிக்குமா?

பிடித்து நசுக்கினால் கடிக்கும். தானாக ஓடி வந்து கடிக்காது. விஷம் பூச்சிகளை அடக்கத்தான். மனிதருக்குக் கடித்த இடத்தில் வலி, சிவப்பு, சிறு வீக்கம், சாதாரணமாக அதோடு சரி. ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் எந்தப் பூச்சிக்கடியையும் போல இதிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், மூச்சுத் திணறினால் மருத்துவரிடம் போக வேண்டும். கையில் ஏற்றிப் படம் எடுப்பது வேண்டாம். உங்களைவிட அதற்குத்தான் ஆபத்து, கீழே விழுந்து வயிறு உடைந்தால் பிழைக்காது.

"எட்டுக்கால் பூச்சி மேல ஊர்ந்தா கொப்புளம் வரும்" என்று நம் ஊரில் சொல்லாத வீடு இல்லை. மழைக்காலத்தில் கழுத்திலும் முகத்திலும் கோடு போட்டது போல எரிச்சலோடு வரும் அந்தக் கொப்புளம் பெரும்பாலும் வேறொரு பூச்சியின் வேலை. எறும்பு போல நீண்டு, ஆரஞ்சும் கறுப்புமாக, இரவில் விளக்கைத் தேடி வரும் பெடேரஸ் என்ற சிறு வண்டு. தோலில் வைத்து நசுக்கினால் அதன் உடலில் இருக்கும் நச்சு எரிக்கும். பழி மட்டும் காலங்காலமாகச் சிலந்தியின் மேல் விழுகிறது.

படம் எடுப்பது, குறித்துவைப்பது

செல்போன் போதும். தொங்கும் சிலந்தியை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் மரத்தில்தான் போன் ஃபோகஸ் செய்யும், இது எல்லோருக்கும் நேரும் தொல்லை. கூட வந்தவரை வலைக்கு அந்தப் பக்கம், தொடாத தூரத்தில், உள்ளங்கையை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஃபோகஸ் சிலந்திக்கு வந்துவிடும், அளவுக்கும் ஒரு சான்று கிடைக்கும். முதுகுப் பக்கம் ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒன்று, முழு வலை ஒன்று, வலை கட்டியிருக்கும் இடம் தெரியும்படி தள்ளி நின்று ஒன்று என நான்கு படம் எடுத்தால் யாரிடம் காட்டினாலும் அடையாளம் சொல்லிவிடுவார்கள். பார்த்த உயிரினங்களைப் பலரும் பதிந்துவைக்கும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் பதிவிட்டால் தேதியும் இடமும் சேர்ந்து பலருக்கும் பயன்படும். வலை தரையிலிருந்து எவ்வளவு உயரம், வெயிலா நிழலா, ஆண்கள் எத்தனை என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நியூ கினியில் ராபின்சன் தம்பதி இந்தச் சிலந்தியைப் பற்றி 1973இல் வெளியிட்ட பெரிய ஆய்வும் இப்படி வலைக்கு எதிரே நாள்கணக்கில் நின்று குறித்துவைத்ததில் உருவானதுதான்.

வலை பாதைக்குக் குறுக்கே இருந்தால் குனிந்து போங்கள். முடியவே முடியாது என்றால், ஒரு பக்கத் தாங்கு நூலை மட்டும் குச்சியால் மெல்ல விடுவித்து மறுபக்கம் சாய்த்துவிடுங்கள். வலை மடிந்தாலும் சிலந்தி மரத்துக்கு ஏறிக்கொள்ளும், இரவுக்குள் மறுபடி கட்டத் தொடங்கும்.

பிறகும் அதே மரத்துக்கு

முடிந்தால் அந்த மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் திரும்பப் போங்கள். பெண்ணின் வயிறு நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே வரும். ஒரு நாள் போனால் வலை கிழிந்து, பழுது பார்க்க ஆளில்லாமல் தொங்கும், அல்லது வயிறு வற்றிய சிலந்தி திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும். முட்டைப்பை எங்கே என்று கிளைகளில் தேடாதீர்கள். மற்ற பல வட்டவலைச் சிலந்திகளைப் போல இது இலையிலோ கிளையிலோ ஒட்டுவதில்லை. மரத்தை விட்டிறங்கி, மண்ணில் சிறு குழி பறித்து, அதில் முட்டையிட்டு, மேலே மண்ணையும் சருகையும் போட்டு மூடிவிடும். வலைக்குக் கீழேயும் சுற்றிலும் இருக்கும் சருகை மிதிக்காமல், பெருக்கித் தீ வைக்காமல் விட்டால் போதும். தோட்டம் வைத்திருப்பவர்களிடம் இதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த மழைக்கு அதே மரத்தடிக்குப் போய், இந்த முறை முழங்கால் உயரத்தில், கை அகலம்கூட இல்லாத வட்டமான குட்டி வலைகளைத் தேடுங்கள்.